‘நடந்துபோச்சு’ என்பதிலிருந்து ‘நான் செய்தேன்’ வரை: குற்றம் செய்தவர்களோடு டிஜிட்டல் கதை உருவாக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டிருக்கும் இளைஞர்களோடும், தண்டனை முடிந்து ஊர் திரும்பியவர்களோடும் பணிசெய்ய விரும்பும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். டிஜிட்டல் கதை என்பது, ஒருவர் தம் வாழ்வின் ஒரு தருணத்தைத் தம் குரலிலேயே பேசிப் பதிவு செய்து, சில படங்களைச் சேர்த்து உருவாக்கும் இரண்டு மூன்று நிமிட வீடியோ. 1990களில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஜோ லாம்பெர்ட், டேனா ஆட்ச்லி முதலியோர் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு இன்று ஒரு கைப்பேசி போதும்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். வழக்கு நிலுவையில் இருப்பவரை அதைப் பற்றிப் பேசவைத்துப் பதிவு செய்யாதீர்கள். அந்தப் பதிவே அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடலாம். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவராக இருந்தால், நன்னடத்தை அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, கதை சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவருடைய விருப்பம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அவரது அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. குரல், ஊர், தெருப் பெயர்கூட அடையாளம்தான்.

ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருங்கள். ‘என்ன தப்பு செய்தீர்கள்?’ என்று தொடங்கினால், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லிப் பழகிய பதில்தான் வரும். சிறியதொரு பொருளைக் கேளுங்கள். பங்காளிகள் பலருக்குப் பொதுவான, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டிலிருந்து பித்தளைச் சாமான்களை எடுத்து விற்ற இளைஞர் ஒருவர் உங்கள் எதிரே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘உள்ளே போனதும் முதல்ல எது கண்ணுல பட்டுச்சு, தம்பி?’ என்று கேட்டால், ‘முகப்புல ஒரு ஆச்சி படம் இருந்துச்சுண்ணே, பொட்டு புதுசா வச்சிருந்தாங்க’ என்று அவர் சொல்லக்கூடும். ஆளில்லாத வீடு என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அங்கே யாரோ வந்து விளக்கேற்றிப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அந்த ஒரு பொட்டில் தெரிந்துவிடும். கதையை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்து, என் பார்வையில் மனம் மாறும் இடம் இதுதான். 150 முதல் 200 சொற்களுக்குள் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர் பேச, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். முதல் வரைவில் ‘சேர்க்கை சரியில்லை’, ‘கெட்ட நேரம்’, ‘என்னமோ நடந்துபோச்சு’ என்றெல்லாம் வரும். அவற்றை நீங்கள் அடிக்காதீர்கள். ஒவ்வொரு வினைச்சொல்லையும் அவரே வட்டமிட்டு, அதைச் செய்தது யார் என்று பார்க்கட்டும். ‘பூட்டு உடைஞ்சிருச்சு’ என்பது ‘நான் பூட்டை உடைத்தேன்’ என்று மாற ஒரு முழு மாலை ஆகலாம், அவசரப்படுத்த வேண்டாம். வறுமையையும் வீட்டில் பட்ட அடியையும் அவர் சொல்ல விரும்பினால் அவையும் கதையில் இருக்கட்டும், ஏனெனில் அவையும் உண்மைதான். ஆனால் ‘உடைத்தேன்’ என்ற சொல்லை அவை மறைத்துவிடக் கூடாது. மன்னிப்புக் கேட்கும் வரியை எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கேட்டு வாங்கிய மன்னிப்பு பாதிக்கப்பட்டவருக்கும் உதவாது.

குரல் பதிவுக்குப் பெரிய வீட்டின் வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்) வேண்டாம், எதிரொலிக்கும்; மெத்தையும் துணியும் அடுக்கிய சிறிய அறையே நல்லது. படங்களில் முகங்களோ பாதிக்கப்பட்டவரின் வீடோ வரக்கூடாது. கதை சொல்பவரின் கைகள், அவர் இப்போது வேலை செய்யும் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடிமேல் வண்ணச் சாந்து ஊற்றும் காட்சி, பேருந்து நிறுத்தம் போன்றவை போதும். படங்களைக் கோக்க இலவச ஆப்கள் பல உண்டு. பின்னணி இசையைத் தவிர்த்துவிடுங்கள், அது கேட்பவரை அழவைக்கப் பார்க்கும்.

முதல் திரையிடல் அதே வட்டத்துக்குள்தான். படம் முடிந்தவுடன் கை தட்டாமல் சற்று நேரம் அமைதியாக இருங்கள். தம் குரலைத் தாமே வெளியிலிருந்து கேட்ட ஒருவருக்கு அந்த நேரம் தேவை. பிறகு, ‘இதில் எதையாவது மாற்ற வேண்டுமா, தம்பி?’ என்று மட்டும் கேளுங்கள். வேறு யாருக்குக் காட்டுவது, காட்டாமல் அழித்துவிடுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்; அழிக்கச் சொன்னால், அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.