எஃப்பைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை கிடையாது. அதனாலோ என்னவோ, ஆங்கிலக் கடிதம் என்றதும் மரியாதைக்காகக் கண்ட இடத்திலெல்லாம் கேப்பிடல் போட்டுவிடுகிறோம். தட்டச்சு வேலையில் சேர்ந்த புதிதில் நான் அடித்த முதல் கடிதம் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது. விஷயத்தில் பிழை இல்லை. கடைசியில் இருந்த 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யில் எஃப்பைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

முடிப்பு வரியில் முதல் சொல் மட்டும்தான் பெரிய எழுத்தில் தொடங்கும். யுவர்ஸ் சின்சியர்லி, வித் பெஸ்ட் ரிகார்ட்ஸ், எதுவானாலும் அப்படித்தான். யுவர்ஸில் எஸ்ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி போடுகிறவர்கள் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

தொடக்க வரி வேறு மாதிரி. 'டியர் சார்' என்றால் டி, எஸ் இரண்டும் பெரியவை. 'மை டியர் சார்' என்று எழுதினாலோ எம்மும் எஸ்ஸும் பெரியவை, நடுவில் மாட்டிக்கொண்ட டியருக்குச் சின்ன டி. 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' வரியில் எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து போடுவதே வழக்கம். 'டியர் ஆல்' இரண்டு விதமாகவும் புழங்குகிறது. நான் சின்ன ஏ போடுவேன். ஆல் யாருடைய பெயருமில்லை, பதவியுமில்லை.

வாழ்த்தில்தான் அதிகம் தடுமாறுகிறோம். அது தனியாக நிற்கிறதா, வாக்கியத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் தலைப்பில் 'ஹேப்பி பர்த்டே' என்றால் எச், பி இரண்டும் பெரியவை. 'ஐ விஷ் யூ எ ஹேப்பி பர்த்டே' என்று எழுதும்போது இரண்டும் சின்னவை. 'ஹேப்பி நியூ இயர்' வாழ்த்தில் நியூ இயர் ஒரு நாளின் பெயர், அதனால் என், ஒய் பெரியவை. புது வருஷம் முழுவதும் நன்றாகப் போகட்டும் என்று எழுதினால் அதே நியூ இயர் சின்ன எழுத்துக்கு இறங்கிவிடும். கிறிஸ்துமஸ் எங்கே வந்தாலும் சி பெரியது. அதற்கு முன்னால் வரும் மெர்ரி வாக்கியத்தின் நடுவில் சின்னது.

அப்புறம் உறவுச் சொற்கள். 'டியர் மதர்' பெரிய எம், 'மை மதர் இஸ் வெல்' சின்ன எம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் பெயரை வைத்துப் படியுங்கள். 'டியர் கமலா' பொருந்துகிறது, பெரிய எழுத்து. 'மை கமலா இஸ் வெல்' இடறுகிறது, சின்ன எழுத்து.

முகவரியில் 'தி மேனேஜர்' என்றால் டி, எம் பெரியவை. கடிதத்துக்குள் மேனேஜரைப் பார்த்தேன் என்று சொல்லும்போது இரண்டும் சின்னவையே, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.