கம்பஸ் படிப்புக்கு எவ்வளவு காசு முடியும்? வன்னிப் பிள்ளைகள் கணக்குப் பார்க்கும் விதம்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்தால் வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோருக்கு அடுத்த பேச்சு காசுதான். கம்பஸ் பீஸ் எல்லாம் எக்கச்சக்கமாகக் கூடிவிட்டதாம், லண்டனில் பெரியப்பாவின் மகன் படித்து முடித்தபோது கோடிக்கணக்கில் கடனாம், இங்கே பட்டதாரிகளே வேலையில்லாமல் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் குந்தியிருந்தார்களாம், அதனால் பேசாமல் ஒரு ஏஜென்சியைப் பிடித்து வெளிநாடு போகிற வழியைப் பார். இந்தப் பேச்சைக் கேட்டே படிப்பை விட்ட பிள்ளைகளை விசுவமடுவிலும் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் எனக்குத் தெரியும். அவர்களில் பலர் அந்தக் கட்டணத்தில் ஒரு சதம்கூடக் கட்ட வேண்டி வந்திருக்காது. அதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். கட்டணம் கூடுகிறது என்பதற்காகப் படிப்பை விடாதீர்கள். ஆனால் எந்தக் கட்டணம், யார் கட்டுவது, எப்போது கட்டுவது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் கடனும் வாங்காதீர்கள். இனி அந்தப் பிரித்துப் பார்க்கிற வேலைக்கு வருவோம்.

லண்டன் கணக்கை லண்டனிலேயே விடுங்கள்

இங்கிலாந்தில் கட்டணம் கூடியது உண்மை. 1998 இல் வருடம் 1,000 பவுண்ட்ஸ், 2006 இல் 3,000, 2012 இல் ஒரேயடியாக 9,000 வரை, 2025 இல் 9,535. ஆனால் அந்த நாட்டுப் பிள்ளை அதைக் கையில் இருந்து எடுத்துக் கட்டுவதில்லை. அரசாங்கம் கடனாகக் கட்டுகிறது. 2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு படிக்கத் தொடங்கியவர் என்றால், வருடச் சம்பளம் 25,000 பவுண்ட்ஸைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய பகுதியில் மட்டும் 9 சதவீதம் பிடிப்பார்கள். வேலை போனால் பிடிப்பு நிற்கும். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. கிழமைக்கு ஒருநாள் படலையில் வந்து நிற்கிற நுண்கடன்காரரை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடனை அளந்தால் பயம்தான் வரும். அப்புறம், இங்கிருந்து ஸ்டூடன்ட் விசாவில் போகிற பிள்ளைக்கு அந்தக் கடன் கிடையாது, கட்டணமும் அதைவிட அதிகம், முன்கூட்டியே கட்ட வேண்டும். அது முற்றிலும் வேறு கணக்கு. காணி விற்றுப் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

அங்கே நடந்த ஒரு விசயம் மட்டும் எங்களுக்கும் பாடம். 2012 கூட்டலுக்குப் பிறகு 18 வயதுப் பிள்ளைகள் போவது கொஞ்சம் குறைந்து, பிறகு பழையபடி ஏறிவிட்டது. ஏறாமல் விழுந்தே போனது பகுதிநேரப் படிப்பு. வேலை செய்துகொண்டு, குடும்பம் வைத்துக்கொண்டு படிக்க நினைத்தவர்கள்தான் கட்டணத்தைப் பார்த்து ஒதுங்கினார்கள். இங்கேயும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கடைசியில் அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

இலவச இடத்தைக் கைவிடுவதுதான் பெரிய நட்டம்

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 இல் தொடங்கியது. இன்றைக்கும் அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. பதிவுக்கும் விடுதிக்கும் சின்னத் தொகைகள் உண்டு, அவ்வளவுதான். அதோடு அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16 க்குள் வரும். பல துறைகளுக்கு முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவாக வருவது இதனால்தான். குண்டு விழுந்த காலத்திலும் மரத்தடியில் படித்த ஊருக்கு இது பிச்சை இல்லை, உரிமை. கூச்சப்படாமல் எடுங்கள்.

செய்ய வேண்டியது இது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. அதை முழுவதும் வாசியுங்கள், அண்ணா சொன்னார் ரியூசன் சேர் சொன்னார் என்று நிரப்ப வேண்டாம். மருத்துவம், பொறியியல், கலை என்ற மூன்று பெயரைத் தாண்டி அதில் எத்தனையோ பாடநெறிகள் இருக்கின்றன, உங்கள் பாடச் சேர்க்கைக்கு எவை பொருந்தும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே போடுங்கள். "இது எனக்குக் கிடைக்காது" என்று நீங்களே ஊகித்துக் கீழே தள்ளினால், கிடைக்கக்கூடியதையும் இழப்பீர்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் பார்ப்பார்கள், ஆசைப்பட்டதற்குத் தண்டனை எதுவும் இல்லை. போகவே மாட்டேன் என்கிற இடத்தை மட்டும் போடாதீர்கள்.

தூரமும் காசுதான், அதையும் வரிசை போடும்போது நினையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்று பீடங்களும் கிளிநொச்சி அறிவியல்நகரில், ஏ9 ஓரத்தில் இருக்கின்றன. மாங்குளத்துப் பிள்ளை வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாகிப் பம்பைமடுவில் இயங்குகிறது, செட்டிகுளத்தார் வீட்டிலிருந்தே போய்வரலாம். வீட்டுச் சோற்றில் படிப்பதும் மாத்தறையில் அறை எடுத்துப் படிப்பதும் ஒரே செலவாக வராது. அதற்காக மாத்தறையின் ருகுணுப் பல்கலைக்கழகம் கிடைத்தால் விடச் சொல்லவில்லை. போங்கள், கணக்கோடு போங்கள்.

முதல் ஐந்து மாதம்

வன்னிப் பிள்ளை விழுகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மகாபொல என்ற மாணவர் உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆனது, பேசரி என்று பிள்ளைகள் சொல்கிற உதவுதொகை 4,000 இலிருந்து 6,500 ஆனது. ஆனால் முதல் காசு நீங்கள் உள்ளே போன அன்றைக்கு வராது. தெரிவு நடந்து, பட்டியல் வந்து, வங்கிக்கு விழ மாதங்கள் போகும். அதற்குள் போர்டிங் முற்பணம், மெத்தை, வாளி, சாப்பாடு, போட்டோக்கொப்பி, வீட்டுக்கு வந்துபோகிற பஸ் என்று வரிசையாக வந்து நிற்கும். அந்த மாதங்களில் பகல் சாப்பாட்டை விட்டுப் பணிசும் பிளேன்ரீயுமாக ஓட்டி, பிறகு "எனக்கு அங்க சரிவரேல்லை" என்று வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஊரில் அதைப் படிப்பு ஓடவில்லை என்று கதைப்பார்கள். உண்மையில் ஓடாதது காசு.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். மாதச் செலவு 25,000 என்று வைத்துக்கொண்டால் ஐந்து மாதத்துக்கு ஒன்றேகால் இலட்சம். இந்தத் தொகை பதிவு நாளுக்கு முன்னமே கையில் இருக்க வேண்டும். ரிசல்ட்டுக்கும் அனுமதிக்கும் இடையில் நீண்ட இடைவெளி இருக்கிறதே, அதில் ஒரு வேலைக்குப் போய்ச் சேர்த்தால் பாதி வந்துவிடும். காலபோக நெல் விற்றதும் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், அடுத்த விதைப்புச் செலவோடு கலந்தால் அது திரும்பி வராது. வெளிநாட்டு உறவினரிடம் கேட்பதென்றால் "உதவி செய்யுங்கோ மாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாதம் இவ்வளவு, இத்தனை வருடம், வங்கி இலக்கம் இது என்று சொல்லிக் கேளுங்கள். பெரிய தொகையை ஒரே தடவையில் தரத் தயங்குகிறவர்கள் மாதாமாதம் சின்னத் தொகைக்குச் சம்மதிப்பார்கள். பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கங்களையும் கேளுங்கள், அதிபர் கடிதத்தோடு.

மகாபொலவுக்கும் பேசரிக்கும் வருமான விபரம் வேண்டும். கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று இரண்டு மூன்று தரம் அலைய வேண்டி வரும், கடைசி நாளுக்கு விடாதீர்கள். அப்பா காணாமல் போன வீடுகளில் இந்தப் படிவம் ஒரு கொடுமை. தந்தையின் தொழில், வருமானம் என்ற கட்டங்களின் முன்னால் பேனையோடு அப்படியே உறைந்துபோய் இருக்கிற அம்மாக்களைக் கண்டிருக்கிறேன். மரணச் சான்றிதழ் எடு என்று யாராவது சொன்னால், அவர் போய்விட்டார் என்று தன் கையால் எழுதிக் கொடுப்பதாகத்தானே அவருக்குப் படும். அது தேவையில்லை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கே தனிச் சான்றிதழ் பெறலாம். அதற்கு நாள் எடுக்கும் என்றால், பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி இணைத்து, விண்ணப்பத்தை நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளே, இந்தப் பகுதியை அம்மாவிடம் தள்ளாமல் நீங்கள் கூடவே இருந்து நிரப்புங்கள்.

அரச இடம் கிடைக்காவிட்டால்

இங்கேதான் கட்டணம் உண்மையாகவே கடிக்கும். ஆனால் காசு கட்டுகிற இடத்துக்குப் போவதற்கு முன் கட்டாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி, யாழ்ப்பாணத்தில் முழுநேர எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிப்புகள், அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம். என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) என்றால் படிக்காதவர்களுக்கு என்று ஒரு எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஊறிக் கிடக்கிறது, அதை விடுங்கள். அதில் 5 ஆம் 6 ஆம் மட்டம் டிப்ளோமா, 7 ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் இருக்கிற தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (UNIVOTEC) அந்த வழியில் வருகிறவர்களைப் பட்டத்துக்கு எடுக்கிறது.

தனியார் பட்டம்தான் என்று முடிவெடுத்தால் முதலில் அரசின் வட்டியில்லா மாணவர் கடனைப் பாருங்கள். ஏ.எல்லில் மூன்று பாடமும் சித்தியடைந்து கம்பஸ் கிடைக்காதவர்களுக்காக 2017 முதல் நடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும், வட்டியை அரசாங்கம் கட்டும், வாங்கிய தொகையைப் படிப்பு முடித்தபின் நீங்கள் கட்ட வேண்டும். வயது, இங்கிலீஷ் தகுதி எல்லாம் அந்தந்த வருட அறிவித்தலில் பாருங்கள்.

அதையும் விட்டு வெளியில் வட்டிக்கு வாங்குவது? வேண்டாம். 15 இலட்சத்தை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுத்தால் மாதம் 45,000 வட்டி மட்டும். மூன்று வருடப் படிப்பு முடியும்போது 16 இலட்சத்துக்கு மேல் வட்டியே போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். நகை அடைவு வைத்து ஒரு செமஸ்டர் கட்டலாம் என்று தொடங்கினாலும், அடுத்த செமஸ்டருக்கு வைக்க நகை இருக்கிறதா என்று முதலே பாருங்கள். பாதியில் நிற்கிற பட்டத்துக்கு ஒருவரும் வேலை தரமாட்டார்கள்.

நிறுவனத்துக்கு நேரே போய்க் கேளுங்கள், அப்பாவோ அம்மாவோ கூட வரட்டும். முழுக் கட்டணம் எவ்வளவு, அதில் பரீட்சை, பதிவு, பட்டமாக முடிக்கிற கடைசி வருட டொப்அப், பட்டமளிப்பு எல்லாம் அடங்கியதா? பாடம் பெயிலானால் மறுபடி எவ்வளவு? இடையில் நின்றால் கையில் என்ன சான்றிதழ் கிடைக்கும்? இதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ரூபாயிலா, டொலரிலா, பவுண்ட்ஸிலா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதம் 360 அளவில். 1,000 டொலர் தவணை இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதினாயிரமாக ஏறியது, நிறுவனம் ஒரு டொலர்கூடக் கூட்டாமலே. அங்கீகாரத்தை அவர்களுடைய நோட்டீசில் பார்க்க வேண்டாம், மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் பட்டமும் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். பெயர் இல்லை என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

வேலை கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. 2017 இல் யாழ்ப்பாணத்தில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்ததைக் கண்டோம். அதில் கலைத்துறைப் பிள்ளைகள் நிறையப் பேர். அதைப் பார்த்துப் பட்டமே வேண்டாம் என்பது பிழையான முடிவு என்றே நினைக்கிறேன். அரசாங்க வேலையை மட்டும் நம்பிப் பட்டம் எடுப்பதுதான் ஆபத்து. கலை படித்தாலும் முதல் வருடத்திலிருந்தே இங்கிலீஷையும் கொம்பியூட்டரையும் பிடியுங்கள், முடிந்தால் சிங்களத்தையும்.

ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு

ஆடைத் தொழிற்சாலையில், கடையில், வங்கியில் வேலை செய்துகொண்டு "எனக்கு இனி எங்க படிப்பு" என்கிறவர்களுக்கு 1980 முதல் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நிலையங்கள் உண்டு. ஏ.எல். இல்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறி ஒன்றை முடித்து உள்ளே போகலாம். கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கிற பாடங்களின் அளவுக்குத்தான். முழு வருடப் பாடத்தையும் ஒரேயடியாக எடுத்துக் காசும் நேரமும் போதாமல் திணற வேண்டாம். முதல் வருடம் இரண்டு மூன்று பாடம் மட்டும் பதியுங்கள். வகுப்புகளும் பரீட்சைகளும் பெரும்பாலும் சனி ஞாயிறில் வரும். புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஒரு முழு நாள் வேண்டும், ஆகவே வேலை இடத்தில் சனிக்கிழமை லீவைப் பற்றிப் பேசி, அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு காசைக் கட்டுங்கள்.