தொண்டைப் புற்றுநோய்ப் பரிசோதனையில் புரதக் குறிகாட்டிகளை வாசிக்கும் முறை

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுள்ள மலையகத் தோட்டங்களில், குரல் கரகரப்போ விழுங்கும்போது வலியோ மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், இருமல் பாணியோடு நின்றுவிடாமல், கண்டியிலோ பதுளையிலோ காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தத்தில் உள்ள புரதங்களை மட்டும் கொண்டு தொண்டைப் புற்றுநோயை உறுதிசெய்ய முடியாது. உதாரணமாக, சைஃப்ரா 21-1 என்னும் இரத்தப் புரதக் குறிகாட்டி நுரையீரல் புற்றுநோயிலும் உயரும். கட்டியிலிருந்து எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தே முடிவு சொல்லப்படும்.

அந்த இழையப் பரிசோதனை அறிக்கையில் முதலில் கட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். அது வாய்த்தொண்டையாக (வாய்க்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதி) இருந்து, புற்றுக் கலங்களில் குறைந்தது 70 சதவீதத்தில், கருவிலும் குழியவுருவிலும், பி16 புரதம் தெளிவாகச் சாயமேறியிருந்தால், மனிதப் பாப்பிலோமா வைரஸ் சார்ந்த, பெரும்பாலும் சிகிச்சைக்கு நன்கு இணங்கும் வகையாகக் கொள்வார்கள். குரல்வளைக் கட்டியில் இதற்கு அத்தனை பொருளில்லை. பி16 ‘நெகட்டிவ்’ என்றால் புற்றுநோய் இல்லையென்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள்; அது தவறு, நோயின் வகையைத்தான் அச்சொல் குறிக்கிறது.