'பாப் இன்' என்று அழைத்தால் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து செவிலியர் பணிக்காகவோ படிப்பிற்காகவோ இங்கிலாந்து வந்து சேருகிறவர்கள், ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாலும், 'பாப்' என்னும் சிறிய வினைச்சொல்லைக் கேட்டு முதல் வாரத்திலேயே திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் நாம் படித்த 'பாப்' பலூன் வெடிக்கும் ஓசை. இங்குள்ளவர்கள் பேச்சிலோ அது 'இன்', 'அவுட்', 'ரவுண்ட்', 'ஆஃப்' என ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு நாள் முழுவதும் காதில் விழும்.

இவ்வகை வினை நமக்குப் புதியதன்று. 'பார்' என்பதை அறிந்த அயலாருக்கு, 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதன் பொருள் தானாக விளங்கிவிடாது. ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தெலுங்கையும் கன்னடத்தையும் அகராதியின்றித் தெருவிலேயே கற்றவர்களுக்கு இதுவும் அதே வழியில் வசப்படும்.

'ஐ வில் பாப் இன் டுமாரோ' என்றால், 'நாளைக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறேன்' என்று பொருள். ஒருவர் வீட்டுக்குச் செல்வதானால் 'பாப் ரவுண்ட்'. சற்று வெளியே போயிருப்பவர் விரைவில் திரும்பிவிடுவார் என்றால் 'ஷீ ஹேஸ் பாப்டு அவுட்'. எல்லாவற்றிலும் உள்ளுறை ஒன்றே: நேரம் குறைவு. பாலக்கோட்டில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மனம் வராது; அந்தப் பழக்கத்தில், 'பாப் ரவுண்ட்' என்று அழைத்த அண்டை வீட்டு அம்மையாரிடம் நான் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஆயினும் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரம் போதுமானது என்று பின்னரே அறிந்தேன்.

மருத்துவமனையில் இச்சொல் வேறு வேலை செய்கிறது. 'பாப் யுவர் கோட் ஆஃப்', 'பாப் ஆன் த ஸ்கேல்ஸ்' என்று நோயாளியிடம் சொல்வதில் அவசரம் ஏதும் இல்லை. 'கொஞ்சம் சட்டையைக் கழற்றுங்கள்' என்னும்போது நாம் சேர்க்கும் 'கொஞ்சம்' எந்த அளவையும் குறிக்காமல் கட்டளையின் கடுமையைத் தணிப்பது போலவே இதுவும் தணிக்கிறது. எனவே, மூத்த செவிலியர் 'குட் யூ பாப் டு பார்மசி?' என்று கேட்டால், அதை விருப்பத்தைக் கேட்கும் கேள்வியாகக் கொள்ளாதீர்கள். அது உங்களுக்கு இடப்பட்ட பணி; உடனே செல்லுங்கள்.

பேச்சுக்கு உரிய இச்சொல்லை நோயாளிக் குறிப்பேட்டிலும் வேலை விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம்.

'பாப் ஆஃப்' என்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 'கிளம்புகிறேன்' என்னும் பொருளில் உடன் பணிபுரிவோர் அதைச் சொல்லக் கேட்பீர்கள். ஆனால் நம் ஊரில் 'மண்டையைப் போட்டுவிட்டார்' என்பது போல, ஒருவர் இறந்ததை மரியாதையின்றிக் குறிக்கவும் அதுவே வழங்குகிறது. ஆதலால் முதியோர் வார்டில், வீட்டுக்குப் புறப்பட்ட நோயாளியைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லாமல் 'கான் ஹோம்' என்றே சொல்லுங்கள். இறப்பை உறவினரிடம் தெரிவிக்க நேர்ந்தால், சுற்றி வளைக்காமல் 'ஹேஸ் டைடு' என்ற நேரான சொல்லை மென்மையான குரலில் சொல்லுங்கள்.