வீட்டோடு அடைபட்டிருக்கும்போது ஓசிடியைச் சமாளிப்பது

காய்ச்சலோ அம்மாள் வருத்தமோ வந்து வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள், ஓசிடியும் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கழுவு, சரிபார் என்று விரட்டும் மனநோய்) இருக்கிறது என்றால், முதலில் கழுவுவதற்கு ஓர் எல்லை போடுங்கள். கக்கூசுக்குப் போய் வந்தால், சாப்பிட முன், இருமினால் சவர்க்காரம் போட்டு 20 விநாடி, அவ்வளவுதான். மட்டக்களப்பு வெக்கையில் கிணற்றடிக்குப் போக ஆயிரம் சாட்டு கிடைக்கும், அதனால் எதற்குப் போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே எழும்புங்கள்.

"இன்னும் ஒருக்கா" என்று மனம் நச்சரித்தால் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். கை கூசும், நெஞ்சு படபடக்கும், வரட்டும், கழுவாமலேயே அந்தப் பதற்றத்தைத் தாங்கலாம் என்று பழகுவதுதான் இங்கே வைத்தியம். பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எண்ணத்தோடு வாதாடப் போகாதீர்கள், அதுதான் வெல்லும்.

வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. "அம்மா, கேற் பூட்டியாச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஓம் சொல்லித் தேற்றுவது பாசம்தான், ஆனால் நோய்க்குத் தீனி. "முதலே சொல்லிட்டன் மகன்", போதும்.

அப்புறம் மாத்திரை. முடியும் முன்பே யாரையாவது கிளினிக்குக்கு அனுப்புங்கள், திடீரென்று நிறுத்தக் கூடாது. தாங்க முடியவில்லை என்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலேயே கதைக்கலாம்.