வீட்டுச் சேவலை அறுக்கும்போது

முதல் நாள் இரவே சேவலைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். தீனி வேண்டாம், தண்ணீர் போதும். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது. இருட்டோடு பிடித்தால் துரத்த வேண்டியதில்லை, அதுவும் மிரளாது.

பழைய சாக்கின் மூலையில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, சேவலைத் தலைகீழாக உள்ளே விட்டுத் தொங்கவிடுங்கள். இறக்கை அடிக்க இடமிருக்காது. கத்தியை நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும், மொண்ணைக் கத்தியென்றால் அன்றைக்குக் குழம்பே வேண்டாம். தாடையை ஒட்டிக் கீழே, இரு பக்க ரத்தக் குழாய்களும் அறுபடும்படி ஒரே இழுப்பு. நினைவு போனபிறகும் உடல் சிறிது நேரம் துடிக்கும். அது முழுதாக அடங்கும்வரை, இறகு பிடுங்குவதற்காகச் சுடுதண்ணீரில் முக்கவே கூடாது. அவசரத்தில் பலரும் செய்யும் கொடுமை அதுதான். அப்புறம் தண்ணீர் கொதிக்கவும் வேண்டாம், 60-65 டிகிரியே போதும்.