பிசுபிசுத்த கலியாண டிவிடியைத் துடைத்த விதம்

அக்காவின் கலியாண டிவிடி கிளிநொச்சி வீட்டு அலுமாரியில் கிடந்து, அடிப்பக்கம் முழுக்க விரல் அடையாளமும் ஸ்டிக்கர் பசையுமாக, நின்று நின்று ஓடியது. முதலில் தண்ணீரில் அலசினேன், செம்மண் தூசோடு துடைத்தால் கீறல் நிச்சயம். பசைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு விரலாலேயே உருட்டி எடுத்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக இல்லை, ஏனென்றால் வட்டக் கீறல் தரவுத் தடத்தோடேயே போவதால் பிளேயர் பிழையைத் திருத்திப் படிக்கச் சிரமப்படும். தம்பி தின்னர் போடச் சொன்னான். வேண்டாம், டிவிடி செய்த பிளாஸ்டிக்கான பொலிகாபனேற் மங்கிவிடும். சீடி என்றால் மேல்பக்கம் இன்னும் கவனம், தரவுப் படை லேபலுக்கு அடியில்தான். டிவிடியில் அது 1.2 மிமீ தடிப்பின் நடுவில். இப்போது தாலிகட்டு வரை தடங்கலில்லாமல் ஓடுகிறது, அதற்குப் பிறகு ஒரு ஆழமான கீறல், அது துடைத்துப் போகாது.